வீட்டில் மழைநீர் பிடிப்பது: கோலாலம்பூர், பினாங்குக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் மழைத்தண்ணீர் பிடிக்க நினைப்பவர்கள் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே வீட்டை எடுத்துக்கொள்கிறோம்: 20 அடி அகல டெரஸ் வீடு, முன்னால் காருக்குப் போட்ட ஆவ்னிங் கூரை. கூரை 20 அடிக்கு 16 அடி, அதாவது சுமார் 30 சதுர மீட்டர்.

1. இங்கதான் வாரம் தவறாம மழை கொட்டுதே, அப்புறம் எதுக்குங்க பிடிச்சு வெக்கணும்?

மழை பெய்வது வேறு, பைப்பில் தண்ணீர் வருவது வேறு. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீருக்கு அலைந்தது. 2014-இல் சிலாங்கூரில் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் ஆற்றில் கலந்த கழிவால் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பினாங்கில் 2024 ஜனவரியில் சுங்கை டுவா நிலையத்தின் வால்வுகளை மாற்ற நான்கு நாள் தடை அறிவித்தார்கள். அந்த நாள்களில் கழிவறைக்கு ஊற்றவும் தரை கழுவவும் இரண்டு தோங் (பிளாஸ்டிக் பீப்பாய்) தண்ணீர் வாசலில் நின்றால் போதும், லாரிக்கு வாளி தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் தமிழில் கிடைக்கும் மழைநீர் சேகரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கானவை. அங்கே மழை சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும், அதனால் கிணற்றுக்கும் நிலத்தடிக்கும் இறக்குவதுதான் நோக்கம். இங்கே கிணறும் இல்லை, நீண்ட வறட்சியும் இல்லை. சின்னத் தொட்டி, அடிக்கடி நிரம்பும், அடிக்கடி காலியாகும். நமக்கு ஏற்ற முறை அதுதான். மணலும் ஜல்லியும் போட்டுக் குழி தோண்ட வேண்டாம்.

2. தண்ணி பில்லு எவ்ளோ குறையும்?

குறைகிறது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. 2024 பிப்ரவரியில் உயர்த்திய பிறகும் சிலாங்கூர், கோலாலம்பூரில் முதல் 20 கன மீட்டருக்குக் கட்டணம் கன மீட்டருக்கு 65 சென்தான். மாதம் 3,000 லிட்டர் மழைத்தண்ணீர் புழங்கினால் மிச்சம் ஏறக்குறைய இரண்டு ரிங்கிட். பணத்தை மனத்தில் வைத்து ஆரம்பிப்பவர்கள் ஆறே மாதத்தில் தோங்கைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதன்பிறகு அது கொசுவுக்குத்தான் வீடு.

3. எங்க கூரைக்கு எவ்ளோ தண்ணி கிடைக்கும்னு எப்படிக் கணக்குப் பண்றது?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரையின் சரிவை அளக்காதீர்கள். அது தரையில் மறைக்கும் நீள அகலத்தை அளந்தால் போதும். சிதறுவது, ஆவியாவது, முதலில் கழித்துவிடுவது எல்லாம் போக நூற்றுக்கு எண்பது கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் 30 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை என்றால் 600 லிட்டர், கையில் நிற்பது 480. மாலையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்யும் மழைக்கு இந்த அளவு சர்வசாதாரணம். 200 லிட்டர் தோங் இரண்டு அதிலேயே நிரம்பிவிடும்.

4. அப்போ எத்தனை தோங் வெக்கணும்? பெரிய தொட்டியா வாங்கிட்டா நல்லதுதானே?

தொட்டியின் அளவை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் செலவழிக்கும் அளவும், இரண்டு மழைக்கு நடுவே உள்ள இடைவெளியும்தான். கூரைக்கு அதில் வேலை இல்லை. வெண்டை, கீரை, கறிவேப்பிலை என்று 10 சதுர மீட்டர் தோட்டத்துக்கு வெயில் நாளில் சுமார் 40 லிட்டர் போகும். இரண்டு தோங் பத்து நாள் தாங்கும். கோலாலம்பூரில் பெரும்பாலான மாதங்களுக்கு இது போதும். ஜூன், ஜூலைதான் கொஞ்சம் இழுபறி.

பினாங்கு வேறு மாதிரி. அங்கே ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மூன்று வாரம் சேர்ந்தாற்போல் வானம் வெறிச்சென்று இருப்பது வழக்கம். தோட்டம் மட்டும் என்றால்கூட நான்கு தோங் வைப்பது நல்லது. கழிவறைக்கும் ஊற்றுவதாக இருந்தால் நான்கு பேர் வீட்டுக்கு நாளைக்கு 90 லிட்டர் கூடுதலாகப் போகும். அப்போது 1,000 லிட்டர் தொட்டியை யோசிக்கலாம். ஆனால் அதன் எடை ஒரு டன். மண் தரையில் வைத்தால் ஒரு பக்கம் இறங்கும், சிமெண்ட் தளம் போட்டே ஆகவேண்டும். பயன்படுத்தாத தண்ணீர் பெரிய தொட்டியில் மாதக்கணக்கில் கிடப்பதும் நல்லதல்ல.

5. என்னென்ன சாமான் வாங்கணும்? நானே மாட்டிக்கலாமா?

துளை போடும் மெஷின் பிடிக்கத் தெரிந்தால் ஒரு சனிக்கிழமை வேலை. வாங்க வேண்டியவை: மேல்பக்கம் முழுவதும் திறக்கும், வளையம் போட்டு இறுக்கும் மூடியுள்ள நீலத் தோங், 4 அங்குல பிவிசி குழாயும் மூன்று வாயுள்ள ஒரு டி (T) இணைப்பும், அடியை மூடத் திருகு மூடியும், அரை அங்குலத் தண்ணீர் பைப்பு (திறந்து மூடுவது), இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் உள்ள டேங்க் கனெக்டர்கள், வழிந்தோட 2 அங்குலக் குழாய், 1 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத துருப்பிடிக்காத கம்பி வலை. சின்ன வாய் மட்டும் உள்ள தோங்கை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். உள்ளே கைவிட்டு கனெக்டரின் நட்டை இறுக்க முடியாது, பிறகு கழுவவும் முடியாது. பழைய தோங் என்றால் முன்பு என்ன இருந்தது என்று கேட்டே வாங்குங்கள். சோயா சாஸ், சமையல் எண்ணெய், சிரப் இருந்தவை சரி. இரசாயனம் இருந்ததை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

பைப்புக்கான துளை அடியிலிருந்து 10 செ.மீ. மேலே வரட்டும், அடியில் சேரும் வண்டல் அங்கேயே தங்கும். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: துளையில் பைப்பைச் சொருகிச் சுற்றிலும் சிலிகோன் பூசுவார்கள். தோங்கின் பிளாஸ்டிக்கில் சிலிகோனும் ஒட்டாது, பிவிசி பசையும் ஒட்டாது. ஒரு மாதத்தில் உரிந்து கசியும். கனெக்டரும் ரப்பர் வாஷரும்தான் வழி. மரைக்கு மட்டும் வெள்ளை டேப் சுற்றுங்கள்.

நிரம்பிய தோங் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். சிமெண்ட் கற்களை இரண்டு வரிசை அடுக்கி, மட்டம் பார்த்து, அதன்மேல் வையுங்கள். வாளி பைப்புக்கு அடியில் நுழையவும் அந்த உயரம் வேண்டும். பிள்ளைகள் ஓடும் இடமென்றால் சுவரோடு சேர்த்து ஒரு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

இரண்டு தோங்கை இணைக்க, இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து அடிப்பக்கம் 1 அங்குலக் குழாயால் சேர்க்கலாம். இரண்டிலும் தண்ணீர் சமமாக ஏறி இறங்கும். நடுவில் ஒரு வால்வு வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று கசிந்தால் இரண்டும் காலி.

6. முதல் தண்ணியக் கீழ விட்டுடணும்னு சொல்றாங்களே, எவ்ளோ விடணும்? யாரு மழையில போய் நிக்கிறது?

நீங்கள் நிற்க வேண்டாம், குழாய் நிற்கும். கூரையில் காய்ந்து கிடக்கும் பறவை எச்சம், தூசி, வாகனப் புகைக்கரி எல்லாம் மழையின் முதல் சில நிமிடங்களில் கழுவிக்கொண்டு வரும். வீட்டுக் கூரைக்கு, சதுர மீட்டருக்கு அரை லிட்டர் கழித்தால் போதும். நம் கூரைக்கு 15 லிட்டர். 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும். ஆக, 2 மீட்டர் குழாய் செங்குத்தாக நின்றால் கணக்கு முடிந்தது.

கட்டரிலிருந்து (கூரை ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்கால்வாய்) இறங்கும் குழாயில் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் டி போடுங்கள். நேர்கீழே போகும் கால், அடியில் மூடிய 2 மீட்டர் குழாய். பக்கவாட்டுக் கை தோங்குக்கு. அழுக்குத் தண்ணீர் முதலில் கீழ்க்காலை நிரப்பும், அது நிரம்பிய பிறகுதான் பக்கவாட்டில் திரும்பும். அடிமூடியில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டால் மழை விட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் தானாகக் காலியாகி, அடுத்த மழைக்குத் தயாராகும். துளையைப் பெரிதாக்கினால் மழை நேரத்திலேயே நல்ல தண்ணீர் வீணாக ஓடும்.

அந்தத் துளை அடைபடும், அது நிச்சயம். அதனால்தான் அடிமூடியைப் பசை போட்டு ஒட்டாமல் திருகு மூடியாக வாங்கச் சொன்னோம். மாதம் ஒருமுறை கழற்றினால் கறுப்பாக ஒரு சேறு விழும். அது தோங்குக்குள் போயிருக்க வேண்டியது.

7. தோங் வெச்சா ஏடிஸ் வரும், சுகாதார ஆளுங்க வந்து சம்மன் குடுப்பாங்கன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானதுதான். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் (அபராதம்) போடலாம். தண்ணீர் பிடிப்பது குற்றமில்லை, புழு இருப்பதுதான் குற்றம். ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை பார்ப்பது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல.

மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், தண்ணீர் நுழையும் இடத்தில் வலை வேண்டும். இதை எல்லோரும் செய்கிறார்கள். விடுபடுபவை வேறு. வழிந்தோடும் குழாயின் வெளிமுனை திறந்து கிடக்கும். கொசு அதன் வழியே ஏறி உள்ளே போகும். அங்கும் வலை வேண்டும். தோங் மூடியின் மேல் விளிம்புக்குள் ஒரு குவளைத் தண்ணீர் தேங்கும். தோங் சுத்தமாக இருக்க, மூடிமேல் புழு நெளியும். அந்த விளிம்பின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு வடியவிடுங்கள். மூன்றாவது, கட்டர். தொய்ந்த கட்டரில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றால் ஏடிஸுக்கு அதுவே போதும், தோங்கே தேவையில்லை. ஒரு மீட்டருக்கு 5 மி.மீ. சரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் இடுகிறது. அந்த முட்டை காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தோங்கைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கொசுப்புழுவைக் கொல்லும் ஆபேட் மருந்து: 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் தோங்குக்கு 20 கிராம். புது மழை வந்து வழிந்தோட வழிந்தோட மருந்தும் கரைந்து போகும், அதைக் கணக்கில் வைத்து மறுபடி போடுங்கள். மூடிய தோங்கில் கப்பி மீன் விடுவது வேண்டாத வேலை. இருட்டில் தீனியில்லாமல் செத்து, தண்ணீரைத்தான் கெடுக்கும்.

8. நிரம்பி வழிஞ்சா பக்கத்து வீட்டுப் பக்கம் ஓடுது, சண்டைக்கு வர்றாங்க.

வழிந்தோடும் குழாய் சின்னதாக இருக்கும், அதுதான் காரணம். இங்கத்திய அடைமழை மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது நம் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 50 லிட்டர் இறங்கும். அரை அங்குல ரப்பர் குழாயால் அதை வெளியேற்ற முடியாது. இந்த அளவு கூரைக்கு 2 அங்குலக் குழாய் வேண்டும். வீட்டுப் பெரிய கூரையிலிருந்து பிடிப்பதானால் 3 அல்லது 4 அங்குலம்.

குழாயின் மறுமுனை உங்கள் வீட்டு மழைநீர் லோங்காங்கில் (வடிகாலில்) விழ வேண்டும். கழிவுநீர் மேன்ஹோலில் விடவே கூடாது. மழை நேரத்தில் அந்தக் குழாய் நிரம்பினால் கழிவு எதிர்த்து உங்கள் குளியலறைக்கே வரும்.

9. எங்க வீட்டுக் கூரை பழசு. எந்தக் கூரையா இருந்தாலும் பரவாயில்லையா?

சிமெண்ட் ஓடு, களிமண் ஓடு, வண்ணத் தகடு, பாலிகார்பனேட் எல்லாம் தோட்டத்துக்குச் சரி. களிமண் ஓடு கொஞ்சம் உறிஞ்சும், பாசியும் பிடிக்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த கூரை, தார் பூசிய கூரை என்றால் முதல் சில மழையை முழுவதுமாக வெளியே விடுங்கள்.

பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு இருக்கலாம். அதன் பெரிய ஆபத்து மூச்சில் போகும் தூசி. தண்ணீருக்காக அதைத் துளைப்பது, சுரண்டுவது, வாட்டர்ஜெட் அடித்துக் கழுவுவது எதையும் செய்யாதீர்கள். உடைந்து உதிரும் நிலையில் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஆவ்னிங்கிலிருந்து மட்டும் பிடிப்பதே மேல்.

10. குளிக்கலாமா, சமைக்கலாமா? கொதிக்க வெச்சா குடிக்கலாமா? சாமிக்கு?

செடி, கழிவறை, கார், தரை, செருப்பு கழுவ தாராளமாக. மழைத்தண்ணீரில் உப்புகள் இல்லாததால் சோப்பு நன்றாக நுரைக்கும், ஆர்க்கிட் செடிக்கும் பிடிக்கும். பச்சையாகத் தின்னும் கீரை, உல்லம் இலைகளைக் கழுவ வேண்டாம். செடிக்கு ஊற்றும்போதும் இலைமேல் அடிக்காமல் வேரில் ஊற்றுங்கள். கூரையில் எலி ஓடும் வீடு என்றால் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. கை காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது இதைத் தொடாதீர்கள்.

குடிக்கவும் சமைக்கவும் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கூரையிலிருந்தும் புகையிலிருந்தும் வந்த உலோகமும் இரசாயனமும் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். சாமி அறைத் தரை கழுவலாம், குத்துவிளக்குத் தேய்க்கலாம். தீர்த்தமாக உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கப் போகும் தண்ணீர் என்றால் அது குடிதண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

11. ரெண்டு வாரத்துல தண்ணி நாறுது. சில சமயம் பச்சையாவும் ஆகுது.

இரண்டும் வேறு வேறு நோய். பச்சை என்றால் வெளிச்சம் உள்ளே போகிறது. வெள்ளைத் தொட்டிகளில் இது அதிகம். கறுப்புக் கன்வாஸ் சுற்றிக் கட்டுங்கள். பெயிண்ட் அந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது.

நாற்றம் என்றால் அடியில் இலை அழுகுகிறது. கேள்வி 6-இல் சொன்ன குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உள்ளே வரும் குழாயைத் தோங்கின் அடிவரை இறக்கி, முனையில் ஒரு வளைவு போட்டு மேல்நோக்கித் திருப்புங்கள். மேலிருந்து தொப்பென்று விழும் தண்ணீர் வண்டலைக் கலக்கிவிடும். இப்படி வந்தால் கலங்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள்.

12. வாஷிங் மெஷினுக்கு நேரா குழாய் குடுத்துடலாமா?

தோங்கிலிருந்து நேராக ஏறாது. ஒரு மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது 0.1 பார் அழுத்தம். பெரும்பாலான மெஷின்களின் வால்வுக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றுவிடும். மேலே திறக்கும் மெஷின் என்றால் வாளியால் ஊற்றலாம். இல்லாவிட்டால் அரை குதிரைத்திறன் ஆட்டோ பம்பும் அதற்கு முன்னால் ஒரு வண்டல் வடிகட்டியும் வேண்டும். பள்ளிச் சட்டை, வேட்டி போன்ற வெள்ளைத் துணிகளைப் பைப்புத் தண்ணீரிலேயே துவையுங்கள். மரத்தடியில் இருக்கும் கூரை என்றால் இலைச்சாறு மஞ்சளாகப் படியும், போகாது.

13. மழை இல்லாதப்போ பைப்புத் தண்ணி தானா தோங்குக்கு வர்ற மாதிரி இணைச்சுக்கலாம்ல?

குழாயோடு குழாயாக இணைக்கவே கூடாது. வால்வு இருக்கிறதே என்பார்கள். தெருக்குழாயில் அழுத்தம் விழும் நாளில் — தண்ணீர் தடை வரும் நாளில்தான் அது விழும் — உங்கள் தோங்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, உங்கள் சமையலறைக்கும் அண்டை வீட்டுக்கும் போகலாம். பழைய வால்வு ஒன்று லேசாகக் கசிந்தாலே போதும்.

நிரப்பத்தான் வேண்டுமென்றால் பைப்பின் வாய் தோங்கின் வழிந்தோடும் மட்டத்துக்கு மேலே, காற்றில் நிற்க வேண்டும். இடைவெளி குழாயின் விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு. ரப்பர் குழாயைத் தண்ணீருக்குள் முக்கி வைப்பதும் இணைப்புதான். மழைநீர்ப் பைப்பில் “குடிக்காதீர்” என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

14. நான் பிளாட்ல இருக்கேன். எனக்கு ஒரு வழியும் இல்லையா?

மொட்டைமாடியும் வெளிச்சுவர்க் குழாயும் பொதுச்சொத்து. நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பால்கனியில் 200 கிலோ தோங்கை வைப்பதும் வேண்டாம். ஏர்கோன் வடிகுழாயின் கீழ் ஒரு மூடிய வாளி வையுங்கள். இந்த ஈரக்காற்றில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் கொடுக்கும். துளசிக்கும் கற்றாழைக்கும் அது போதும். கேள்வி 7 அந்த வாளிக்கும் பொருந்தும்.

15. இதுக்குப் பெர்மிட் எடுக்கணுமா?

வாசலில் தோங் வைக்க வேண்டியதில்லை. வழி மறைக்காமல், எல்லைக்குள் இருந்தால் போதும். கூரையை நீட்டுவது, பெரிய தொட்டிக்குத் தூண் எழுப்புவது என்றால் ஊராட்சி மன்றத்தைக் கேட்க வேண்டும். 1998 நெருக்கடியை அடுத்து 1999-இல் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு மழைநீர்ப் பயன்பாட்டுக்கு வழிகாட்டி வெளியிட்டது. பிறகு சில மாநிலங்கள், புதிதாகக் கட்டும் பெரிய கூரையுள்ள பங்களா, செமி-டி வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கின. அப்படிப்பட்ட வீட்டை வாங்கியிருந்தால் தொட்டி ஏற்கெனவே எங்காவது இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

16. புகைமூட்டம் வர்றப்போ என்ன பண்றது? லீவுக்கு மூணு வாரம் ஊருக்குப் போனா?

புகைமூட்டத்துக்குப் பின் வரும் முதல் மழை கறுப்பாக இறங்கும், 15 லிட்டர் கழித்தால் போதாது. தோங்குக்குப் போகும் கையைக் கழற்றி, அந்த மழையை முழுக்க லோங்காங்குக்கு விடுங்கள். இதற்காகவே அந்த ஓர் இணைப்பைப் பசை போடாமல் இறுக்கிச் சொருகி மட்டும் வைத்தால் வசதி.

ஊருக்குப் போகும்போதும் அதே கையைக் கழற்றுங்கள். தோங்கைக் காலி செய்து, தேய்த்து, பைப்பைத் திறந்தபடி விட்டு, மூடியை இறுக்கிவிட்டுப் போகலாம். செடிக்குத் தண்ணீர் வேண்டும், யாராவது வந்து ஊற்றுவார்கள் என்றால் காலி செய்யாதீர்கள். வலைகளைச் சரிபார்த்து, கேள்வி 7-இல் சொன்ன அளவு ஆபேட் போட்டு, ஊற்ற வருபவரிடம் மூடிமேல் தண்ணீர் நிற்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.